பச்சை லைட்டு மினுக்கோணும்

அந்தப் பையக் கீழ வெச்சிராதீங்க அம்மணி, இங்க குடுங்க. மடியிலயே வெச்சுக்கறேன். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு எவர்சில்வர் சம்படம், அதுக்குள்ள துணி சுத்தி ஒரு சாமான், ஓரத்துல நாலு கல்யாணப் பத்திரிகை, அவ்வளவுதான். ஆனா இந்த பஸ்ஸு குலுங்கற குலுக்கலுக்குக் கீழ வெச்சா, மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்லீங்க.

நீங்க எது வரைக்கும்? ஓசூருங்களா. எந்தம்பி அங்கதான் இருக்கறான். பூபதின்னு பேரு. ஒரு கம்பெனியில மெஷின் பாக்கற வேலை. இல்லீங்க, நான் அங்க வரல. பவானி லட்சுமி நகர்ல எறங்கிருவேன். அங்கிருந்து மூணு கிலோமீட்டர் எங்க ஊரு.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. காத்தால அஞ்சரைக்குக் கெளம்புனது. கோயமுத்தூர் காந்திபுரத்துல ஒரு ரிப்பேர்க் கடை, அது தொறக்கறதே பத்தரைக்குத்தான். மாடிப்படியில உக்காந்திருந்தேன். போறவங்க வாறவங்கெல்லாம் என்னைத் தாண்டித் தாண்டிப் போனாங்க.

என்ன சாமான்னு கேக்கறீங்க. காட்டறேன், தொட்டுறாதீங்க. கம்ப்யூட்டருங்க. ஆமா, முழுக் கம்ப்யூட்டரு. சீட்டுக்கட்டு அகலந்தான். நானும் மொதல்ல நம்பல. திரை இல்ல, தட்டறதுக்கு எழுத்துப் பலகை இல்ல, பழைய ரேடியோவத் தொறந்தா உள்ள இருக்குமில்ல, அதாட்டம் இருக்குது. இது தைவான்ல வாங்குனது. எந்தம்பி அஞ்சு வருசம் அங்க பாக்டரியில இருந்தான். திரும்பி வரப்ப எனக்கு ஒரு சீலை கொண்டாரல, ஒரு சென்ட்டு பாட்டில் கொண்டாரல, இதக் கொண்டாந்தான். நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. "ஏண்டா, அஞ்சு வருசம் இருந்ததுக்கு இவ்வளவுதானா"ன்னு கேட்டேன், அவ்வளவுதான். அவன் சிரிச்சுட்டான். அப்பெல்லாம் நான் என்ன சொன்னாலும் சிரிப்பான்.

நாங்க நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிச்சுக் குடுக்கறமுங்க. எங்கப்பா ஆரம்பிச்சது. ஆயிரம் முட்டை புடிக்கற பொரிப்பான் பொட்டி ஒண்ணு, பீரோ ஒசரத்துல நிக்கும். இருபத்தொரு நாளும் அதுக்குள்ள சூடு தொண்ணூத்தொம்பதரை டிகிரியில நிக்கோணும். ஏறுனா வெந்துரும், எறங்குனா செத்துரும். மணிக்கொருக்கா முட்டையத் திருப்பிவிடோணும். எங்கப்பா பொட்டிக்குப் பக்கத்துலயே கட்டலப் போட்டுட்டாரு. தெர்மாமீட்டர நம்ப மாட்டாரு. ஒரு முட்டைய எடுத்து, கண்ண மூடிட்டு இமை மேல வெச்சுப் பாப்பாரு. பாத்துட்டு "எல்லாஞ் சரி"ம்பாரு. அவரு போன பின்னால அந்தச் சோலி எம்மேல விழுந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு லாரி ஓட்டறாரு, மாசத்துல பாதி நாளு வடக்க. நாலு வருசம் நான் முழுசாத் தூங்குனதில்லீங்க. அலாரம் அடிக்காமயே மணிக்கொருக்கா முழிப்பு வந்துரும்.

தம்பி வந்தான், பாத்தான். "இனிமே நீ முழிக்க வேண்டாங்க்கா"ன்னான். ரெண்டு நாளு அந்தப் பொட்டி முன்னால சம்மணம் போட்டு உக்காந்துட்டான். சூடு பாக்கறதுக்கு ஒரு கம்பிய உள்ள விட்டான், முட்டைத் தட்டத் திருப்பறதுக்கு ஒரு சின்ன மோட்டாரு, எல்லாத்தையும் இந்தப் போர்டுல கொண்டாந்து சேத்து, போர்டுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் மூடியும் போட்டான். சூடு எறங்குனா இதுவே ஹீட்டரப் போடும், ஏறுனா இதுவே நிறுத்தும். மணிக்கொருக்கா எம்போனுக்குத் தமிழ்ல ஒரு மெசேஜு வரும். "சூடு சரி. ஈரம் சரி. முட்டை திருப்பியாச்சு. எல்லாஞ் சரி." இப்படியே வரும். மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் கோயில்ல இருந்தாலும் டிங்குங்குது, எழவு ஊட்டுல இருந்தாலும் டிங்குங்குது. சத்தத்த நிறுத்தி வெச்சுட்டேன்.

போறப்ப ஒரு பேப்பர்ல எழுதிப் பொட்டி மேல ஒட்டிட்டுப் போனான். செவப்பு லைட்டு எரிஞ்சா கரண்டு வருதுன்னு அர்த்தம். பச்சை லைட்டு மினுக்குனா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். "பச்சை மினுக்கோணுங்க்கா, அதுதான் முக்கியம். அது நின்னா ஒடனே எனக்குப் போன் பண்ணு"ன்னு பத்து தடவை சொன்னான். நான் என்ன பாப்பாவா.

அவிநாசி தாண்டிருச்சுங்களா? நல்லா ஓட்டறாரு.

குத்தஞ் சொல்லக்கூடாதுங்க, ரெண்டு மாசம் அருமையா ஓடுச்சு. ஆவணியில வெச்ச முட்டையும் சரி, புரட்டாசியில வெச்சதும் சரி, நூத்துக்கு எண்பத்தஞ்சு பொரிச்சுது. எங்கப்பா காலத்துல எழுவதத் தாண்டுனதில்ல. நான் தூங்குனேன் அம்மணி. படுத்தா விடிஞ்சுதான் எந்திரிச்சேன். எம்மவ மிருதுளா, "அம்மா, உம் மூஞ்சியே மாறிப்போச்சு"ன்னா. நான் ஒண்ணும் நன்றி கெட்டவ இல்லீங்க. அந்தப் போர்டச் சாமியாட்டம் வெச்சிருந்தேன்.

ஆயுத பூசைக்குக்கூடப் பாருங்க. லாரி, தராசு, தண்ணி மோட்டாரு, அருவாமனை, எல்லாத்துக்கும் வழக்கமா வெக்கற மாதிரி ஒரு பொட்டு வெச்சேன். இதுக்கு மட்டும் மூடியக் கழட்டி வெச்சேன். மூடிக்கு வெச்சா மூடிக்குத்தான சேரும், பாடுபடறது உள்ள இருக்கறது. பன்னீர் ஊத்திக் கொழச்ச சந்தனம், தாராளமா மூணு எடத்துல வெச்சு, நடுவுல குங்குமம் வெச்சேன். தம்பி குடுத்ததாச்சே. ஒரு வாரங் கழிச்சு மூடியத் தொறந்து பாக்கறேன், அந்த ரூம்பு ஈரத்துக்குச் சந்தனம் காயவே இல்ல. வெச்சது வெச்சபடி இருந்துச்சு. சாமிக்கே புடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்.

அதுக்கப்பறம் பத்து நாளுதாங்க. யாரு கண்ணு பட்டுச்சோ. போனுல "எல்லாஞ் சரி"ன்னு வந்துட்டே இருக்குது, ஒரு நாளு பொட்டியத் தொறக்கறேன், அனலு மூஞ்சியில அடிக்குது. பழைய தெர்மாமீட்டரத் தேடி எடுத்து உள்ள வெச்சா நூத்தி ஆறு. தீவாளி கழிச்சுக் குடுக்க வேண்டிய குஞ்சுங்க. பதினெட்டு நாளு முட்டை. ஒண்ண ஒடச்சுப் பாத்தேன். எறகெல்லாம் மொளச்சு, கால மடிச்சு, அப்படியே வெந்து கெடந்துச்சு. எண்ணூத்தம்பது முட்டைங்க. நானே தோட்டத்துல குழி வெட்டிக் கொட்டுனேன்.

தம்பிக்குப் போன் பண்ணேன். அன்னில இருந்து தெனம் பொழுதோட அதுதான் சோலி. "அக்கா, செவப்பு எரியுதா?" எரியுது. "பச்சை?" மினுக்குது. "வேகமா மினுக்குதா, விட்டு விட்டு மினுக்குதா?" நான் என்ன டாக்டரா, நாடி புடிச்சுப் பாக்க. "மெமரி கார்டக் கழட்டி மறுபடி மாட்டுக்கா"ன்னான். கட்டவெரல் நகத்தளவு கார்டு. அழுத்துனதும் எகிறிப் போயி முட்டைத் தட்டுக்கு அடியில விழுந்துருச்சு. ஒரு மணி நேரந் தேடுனேன், அவனும் அங்க லைன்லயே இருந்தான். "இருக்குதாக்கா, இருக்குதாக்கா"ன்னு கேட்டுட்டே இருந்தான்.

அதெல்லாம்கூடப் பரவால்ல. "அதுமேல ஏதாச்சும் பட்டுச்சா, தண்ணி கிண்ணி?"ன்னு கேட்டான் பாருங்க. ஒரு தடவை கேட்டா சரி. மூணு நாளு, தெனம் கேட்டான். அப்ப எம்மேலதான சந்தேகம்? "ஒரு சொட்டுத் தண்ணி படலடா, சாமியாட்டம் வெச்சிருக்கறேன்"னு சொன்னேன். உண்மையத்தான சொன்னேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான், மூடியோட எடுத்து அனுப்புனேன். "மூடியத் தொறந்து எடுக்கா"ன்னான். எனக்குக் கோவம் வந்துருச்சு. "வாங்குன நீ வந்து எடுத்துக்க"ன்னு போன வெச்சுட்டேன்.

வந்தான். தீவாளிக்கு மொத நாளு பொழுதோட, பொண்டாட்டிய அவங்கம்மா ஊட்டுல விட்டுட்டு, நேரா எங்க ஊட்டுக்கு வந்தான். கையில சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டு. செருப்பக் கழட்டுனதும் பொட்டிக்கிட்டத்தான் போனான். நான்தான், "அது எங்கயும் ஓடிப்போவாது, மொதல்ல சாப்புடு"ன்னு எலையப் போட்டேன். அவனுக்குப் புடிக்கும்னு கறி எடுத்து வறுத்து வெச்சிருந்தேன். நாலு வாய் உண்டிருப்பான். "எண்ணூத்தம்பது உசுருக்கா, நெனச்சாப் பாவமா இருக்குது"ன்னான். சாதாரணமாத்தான் சொன்னான். அதயெல்லாம் குழியில கொட்டுனவ நானு. யாரு மேலயாச்சும் எறக்கி வெக்கோணும்போல இருந்துச்சு.

நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. "பெத்த அப்பனுக்குக் கொள்ளி வெக்க வராதவன் கொண்டாந்த சாமான் எப்படிடா வெளங்கும்"னு கேட்டேன். அவ்வளவுதான். நடந்ததத்தான சொன்னேன்.

அவன் ஒடனே எந்திரிக்கல. எலையவே பாத்துட்டு இருந்தான். "அப்ப ஏரோப்ளேன் ஓடுச்சாக்கா?"ன்னு மட்டுங் கேட்டான். ஓடலைங்கறது எனக்குந் தெரியும். கொரோனா சமயம், உலகமே பூட்டிக் கெடந்துச்சு. எங்க பெரியப்பா பையன்தான் கொள்ளி வெச்சான். இவன் அங்கிருந்து போன்ல பாத்துட்டு இருந்தான். அந்தப் போன யாரு கையில புடிச்சிருந்தாங்கன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் புடிக்கல. எலைய மடிச்சான், பாதிச் சோறு அப்படியே இருந்துச்சு. கை கழுவிட்டு, செருப்ப மாட்டிட்டுப் போயிட்டான். மூடியத் தொறந்துகூடப் பாக்கல. அன்னிக்குத் தொறந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

தீவாளி முடிஞ்ச மறுநாளு பச்சை லைட்டும் நின்னு போச்சு. செவப்பு மட்டும் எரியுது. போன்ல மெசேஜும் வரல. தொல்லை விட்டுச்சுன்னு நெனச்சேன், ஆனா அரை மணிக்கொருக்கா போன எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருந்தேன்.

விஜயமங்கலம் டோலுங்களா இது? இன்னும் முக்கா மணி நேரம் ஆவும் நான் எறங்க.

அப்பறம் நான் அலைஞ்ச அலைச்சல் இருக்குதே. எங்கூர் டிவி ரிப்பேர்காரர்கிட்டக் கொண்டு போனேன். மூடியத் தொறந்ததும், "பரவால்லயே, பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க"ன்னாரு. அப்பறம், "அந்த நாட்டுல கரண்டு நூத்திப்பத்து வோல்ட்டுங்க, நம்மூரு எரநூத்தி முப்பது, தாங்குமா?"ன்னாரு. சரீன்னு பவானியில செல்போன் கடைக்குப் போனேன். அவரும் பாத்தாரு. அவரு கடையில மெஷினு, ஃபேனு, கல்லாப்பொட்டி எல்லாத்துலயும் பொட்டு அப்பியிருக்குது. "கார்டு போச்சுங்க"ன்னு வேற கார்டு போட்டாரு, அதுக்கும் பச்சை மினுக்கல. எங்க சொந்தத்துல ஒரு வாத்தியாரு, காலேஜுல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கறவரு, "இதெல்லாம் வெளிநாட்டுல வாங்கக்கூடாதுங்க, அங்க ஒதுக்குனதத்தான் நம்மாளுககிட்டத் தள்ளிவிடுவான்"னு சொன்னாரு. எனக்கு அதக் கேக்க நல்லா இருந்துச்சுங்க. ரெண்டு பேருகிட்ட நானே சொன்னேன்.

இதெல்லாம் எதுக்குன்னா, கல்யாணங்க. மிருதுளாவுக்குக் கார்த்திகையில, இன்னியில இருந்து பதினொண்ணாம் நாளு. எங்க வழக்கத்துல தாய்மாமன்தான் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். அவன் கட்டுனாத்தான் பொண்ணு மணவறைக்குப் போவா. ஊட்டுக்காரரு அவனுக்குப் போன் பண்ணிக் கூப்புட்டாரு. அவன் என்ன சொன்னானாம் தெரியுங்களா? "வர்றேன் மாமா. வந்து ஓரமா உக்காந்து சாப்புட்டுட்டுப் போறேன். பட்டம் கட்டறதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. என்ற கை வெளங்காத கை." எங்க பெரியப்பா பையனக் கேக்கலாம்னு நான் சொன்னேன். மிருதுளா சோத்துத் தட்டத் தள்ளிட்டா. "பூபதி மாமா கட்டலீனா எனக்குப் பட்டமே வேண்டாம். தாத்தாவுக்குக் கொள்ளி வெச்சவரே எனக்குப் பட்டமும் கட்டறாரான்னு ஊரு பேசாதா"ன்னுட்டு உள்ள போயிக் கதவச் சாத்திட்டா. மூணு நாளா எங்கூடப் பேசறதில்ல.

அதனாலதான் இன்னிக்குக் கோயமுத்தூர் வந்தேன். உள்ளதச் சொல்லிடறேன் அம்மணி. சரி பண்ணோணும்னு வரல. இந்த மெஷினு ஓட்டை, வாங்கறப்பவே ஓட்டைன்னு வெவரந் தெரிஞ்ச ஒரு ஆளு வாயால கேட்டுட்டா, நான் பேசுனதுல பெரிய தப்பில்லன்னு ஆயிரும். அப்பறம் நானாப் போயிக் கூப்புட்டுக்கலாம், எறங்கி வந்த மாதிரியும் இருக்காதுன்னு நெனச்சேன்.

அந்தக் கடையில ரிஸ்வானான்னு ஒரு பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணுல பூதக்கண்ணாடி மாட்டிட்டு உக்காந்திருந்துச்சு. நான் கதைய ஆரம்பிச்சேன், தைவான், நூத்திப்பத்து வோல்ட்டுன்னு. அது கேட்டுட்டே மூடியக் கழட்டுச்சு. கழட்டுனதும், "அக்கா, இது என்ன மஞ்சளா ஒட்டியிருக்குது?"ன்னு கேட்டுச்சு. "சந்தனங் கண்ணு"ன்னேன். "எங்க தர்கா சந்தனக்கூடு திருவிழாவுக்கும் வண்டிக்கெல்லாம் தடவுவாங்கக்கா, ஆனா போர்டுல தடவி இப்பத்தான் பாக்கறேன்"னுச்சு. அந்தக் கண்ணாடிய என்கிட்டக் குடுத்துப் பாக்கச் சொல்லுச்சு. ஊசி ஊசியாக் காலு வரிசையா நிக்குது. அதுக்கு நடுவுல சந்தனம் எறங்கி, பச்சைப் பச்சையாப் பூத்துக் கெடக்குது. செம்புக் கொடத்தத் தேய்க்காம விட்டாப் பூக்குமில்ல, அதாட்டம்.

"ஈரச் சந்தனத்துல கரண்டு பாயுங்க்கா. சூடு பாக்கற கம்பியில இருந்து வர்ற கணக்க இதுதான் கெடுத்திருக்குது. நெசத்துல சூடு ஏறிட்டே இருந்திருக்கும், போர்டுக்குக் கம்மியாத்தான் தெரிஞ்சிருக்கும், அது ஹீட்டரப் போட்டுட்டே இருந்திருக்கும். அப்பறம் கார்டு மாட்டற எடத்துக்கும் பரவிருச்சு." எப்ப வெச்சதுன்னு கேட்டுச்சு. ஆயுத பூசைக்குன்னேன். முட்டை எப்பக் கெட்டுச்சுன்னு கேட்டுச்சு. நான் வெரல் விட்டு எண்ணுனேன். எண்ணிட்டு, சொல்லல. அதுவும் மறுபடி கேக்கல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. அது தலையக் குனிஞ்சுட்டுப் பழைய டூத்பிரஷ்ஷ எடுத்து ஸ்பிரிட்ல முக்கித் தேய்க்க ஆரம்பிச்சிருச்சு.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வாங்கிட்டு வந்தவன் சொல்லியிருக்கோணுமில்ல கண்ணு, இதுக்குப் பொட்டு வெக்கக்கூடாதுன்னு"ன்னேன். அந்தப் பொண்ணு தேச்சுட்டே சொல்லுச்சு, "மூடியத் தொறந்து உள்ள வெப்பீங்கன்னு அவருக்கு எப்படிக்கா தோணும்?"ன்னு. தண்ணி கிண்ணி பட்டுச்சான்னு அவன் மூணு நாளு கேட்டதுதான் ஞாபகம் வந்துச்சு. அத நான் சந்தேகம்னு எடுத்துக்கிட்டேன்.

காத்தாடியக் காட்டிக் காய வெச்சு, பழைய கார்டயே போட்டு, ஒரு டிவியில மாட்டுச்சு. செவப்பு எரிஞ்சுது. சித்த நேரம் ஒண்ணுமே இல்ல. நான் கையப் புடிச்சுட்டு நிக்கறேன். அப்பறம் பச்சை ஒரு தடவை மினுக்குச்சு, நின்னுச்சு, மறுபடி மினுக்குச்சு, அப்பறம் விடாம மினுக்க ஆரம்பிச்சிருச்சு. டிவியில இங்கிலீசு எழுத்தா ஓடுச்சு. அந்தப் பொண்ணு என்னமோ அடிச்சுப் பாத்துட்டு, "நாச்சிமுத்து யாருக்கா?"ன்னு கேட்டுச்சு.

"எங்கப்பா பேரு உனக்கெப்படிக் கண்ணு தெரியும்?"ன்னேன். "இந்தக் கம்ப்யூட்டருக்கு அதாங்க்கா பேரு. வாங்குனவங்க வெக்கறது"ன்னுச்சு. வெரல வெச்சுக் காட்டுச்சு. அது ஒரு வரி அடிச்சா, அதுக்கு முன்னால அந்தப் பேரு வந்து நிக்குது. அடுத்த வரி, மறுபடி அந்தப் பேரு. திரை முழுக்க மேல இருந்து கீழ வரைக்கும் நாச்சிமுத்து, நாச்சிமுத்து, நாச்சிமுத்து. "இதெல்லாம் அவங்களே ஒக்காந்து எழுதுனதுக்கா, நல்லா எழுதியிருக்காங்க. ஆரம்பிச்ச தேதியே நாலு வருசத்துக்கு முந்தி, மே மாசம்னு இருக்குது"ன்னுச்சு. எங்கப்பா போனது நாலு வருசத்துக்கு முந்தி, சித்திரைக் கடைசி. அவன் அங்க, பூட்டுன ரூம்புக்குள்ள உக்காந்துட்டு, இத ஆரம்பிச்சிருக்கறான். அந்த "எல்லாஞ் சரி" யாரு சொல்றதுன்னு அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. மணிக்கொருக்கா வந்துச்சுங்க. நான் சத்தத்த நிறுத்தி வெச்சிருந்தேன்.

கடைன்னும் பாக்காம அழுதுட்டேன் அம்மணி. அந்தப் பொண்ணு ஸ்டூல இழுத்துப் போட்டுச்சு, டீ வாங்கியாரச் சொல்லுச்சு.

அப்பறம் மிச்சத்தத் தேய்க்கப் போச்சு. மூணு பொட்டுல ரெண்டு போயிருந்துச்சு. மூணாவது இங்க ஓரமா, ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்துல இருக்குது பாருங்க, மஞ்சளா ஒரு கறை. "அத விட்டுரு கண்ணு"ன்னேன். எதுக்குக்கான்னுச்சு. அது இருந்தா மெஷினுக்கு ஏதாச்சும் பண்ணுமான்னு கேட்டேன். காஞ்சிருச்சு, காலு எதுவும் அந்தப் பக்கம் இல்ல, ஒண்ணும் பண்ணாதுன்னுச்சு. அப்ப இருக்கட்டும்னுட்டேன்.

எனக்கு வாயில வராதுங்க. "தப்பு எம்மேலதான்"னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்கப்பாகிட்டச் சொன்னதில்ல, ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னதில்ல. சொல்லலாம்னு போவேன், வேற என்னமோ வந்துரும். உங்ககிட்டயே பாருங்க, விஜயமங்கலம் தாண்டற வரைக்கும் அவன்மேலதான குத்தஞ் சொல்லிட்டு வந்தேன். அதனாலதான் கறைய விடச் சொன்னேன். ஊட்டுக்காரரு நாளன்னிக்கு லோடு எறக்கிட்டு வருவாரு, அவருகிட்டக் குடுத்தனுப்பலாம்னு இருக்கறேன். பூபதி மூடியத் தொறந்தான்னா அவனுக்கே தெரிஞ்சிரும். மெஷின் பாக்கறவந்தான அவன்.

என்ன தலைய ஆட்டறீங்க? அவரு கொண்டு போனா ஆகாதுங்கறீங்களா. நானே போகோணுமா. அதெப்படீங்க, தாய்மாமனுக்குப் பத்திரிகை வெக்கறதுன்னா தட்டு எடுத்துட்டுப் புருசம் பொண்டாட்டி சோடியாப் போகோணும். நான் கட்டுன சீலையோட, ஒத்தையில, தலைகூடச் சீவாம. அவன் கதவத் தொறந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டான்னா நான் என்ன பண்ணுவேன்.

சித்தோடு வந்துருச்சு. இனி பத்து நிமிசந்தான்.

பொட்டியில முட்டை இல்ல இப்ப. நான் ஊட்டுக்குப் போலீனாலும் கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமில்ல. மிருதுளா பேசறதில்லையே ஒழிய, சோறாக்கிக்குவா. அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லோணும், எடுக்க மாட்டா. மெசேஜு அனுப்பலாம். உங்களுக்கு ஓசூர்ல பஸ் ஸ்டாண்டுல இருந்து பூபதி இருக்கற சிப்காட்டுக்குப் போற பஸ்ஸு எதுன்னு தெரியுங்களா? நீங்களும் அந்தப் பக்கந்தானா.

இருங்க, கண்டக்டரு வர்றாரு. தம்பி, லட்சுமி நகரு நான்தான். இல்ல, எறங்கல. அந்த டிக்கெட்டோட சேத்து ஓசூருக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. தூங்கலீங்க தம்பி, முழிச்சுட்டுத்தான் இருக்கறேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க.

பையச் சித்த புடிங்க அம்மணி, துணி வெலகிருச்சு, சுத்திக்கறேன். போயி என்ன பேசறதுன்னு கேக்காதீங்க. இந்தவாட்டி நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். சம்படத்த அவன் கையில குடுத்துட்டு வாசல்லயே நிக்கறேன். அவன் தொறந்து பாக்கட்டும்.